அலுவலகம் திறக்கும் முன் ஜன்னலையும் குழாயையும் பாருங்கள்

கேள்வி: 2020 மார்ச்சிலிருந்து வீட்டில் இருந்தே வேலை பார்க்கிறேன். அம்மாவுக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை ஆனதால், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகள் சாப்பிடுகிறார். இத்தனை நாள் பூட்டிக் கிடந்த பெருங்குடி அலுவலகத்தை அடுத்த மாதம் திறக்கிறார்கள். வாரம் மூன்று நாள் வந்தே ஆக வேண்டுமாம். "மருந்து தெளித்தாயிற்று, வாசலில் காய்ச்சல் பார்ப்போம், கேப் அனுப்புகிறோம்" என்கிறார் மேனேஜர். வேலையை விடவும் வழியில்லை. அம்மாவுக்கு நான் எதையாவது கொண்டுவந்துவிடுவேனோ என்ற பயத்தில் தூக்கமே வரவில்லை.
— வாசகி, சென்னை-4

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் மேனேஜர் சொன்ன மூன்றில் எதுவும் அம்மாவைப் பெரிதாகக் காப்பாற்றாது. கொரோனாவும் ஃப்ளூவும் முக்கியமாக மூச்சுக்காற்று வழியாகத்தான் பரவுகின்றன. மேசையில் மருந்து தெளித்து அதைத் தடுக்க முடியாது. காய்ச்சல் வருவதற்கு முன்பே ஒருவர் பரப்பத் தொடங்கிவிடலாம் என்பதால், வாசலில் நெற்றிக்கு நீட்டும் கருவியையும் நம்ப முடியாது.

நீங்கள் கேட்க வேண்டியது, உள்ளே வெளிக்காற்று வருகிறதா என்பதை. ஸ்ப்ளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிரவைத்துத் திருப்பி விடுகிறது. ஜன்னல் திறக்காத அறையில் ஒருவர் இருமினால் அத்தனை பேரும் அதைத்தான் சுவாசிக்க வேண்டும். மத்திய ஏசி என்றால், வெளிக்காற்று எடுக்கும் வழி திறந்திருக்கிறதா, ஃபில்டர் மாற்றினார்களா என்று கேளுங்கள். கரியமில வாயு அளக்கும் சிறு கருவி ஒன்றை வைக்கச் சொல்லலாம். நாம் வெளிவிடும் மூச்சு அறைக்குள் எவ்வளவு தேங்குகிறது என்பதை அது காட்டிவிடும். வெளிக்காற்றில் அந்த வாயு சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) இருக்கும். மீட்டிங் அறையில் 1000-ஐத் தாண்டினால் கதவைத் திறந்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் தண்ணீர். இதை யாரும் யோசிப்பதில்லை. பூட்டிய கட்டடத்தின் குழாய்களில் தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும். 1976-இல் ஃபிலடெல்பியா ஹோட்டல் ஒன்றில் கூடிய முன்னாள் படைவீரர்கள் பலரைப் பலிகொண்ட நிமோனியாவுக்குக் காரணம் இதுதான். 25 முதல் 45 டிகிரி வரை அதற்கு ஏற்ற சூடு. நம் ஊர் தொட்டித் தண்ணீர் பெரும்பாலும் அந்தச் சூட்டில்தான் இருக்கும். குடிப்பதைவிட, நீர்த்திவலையோடு மூச்சில் போவதுதான் ஆபத்து. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களை அதிகம் தாக்கும் என்றாலும், இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது மிக அரிது. எனவே இங்கே கவனம் உங்களுக்காகவும் உடன் வேலை செய்பவர்களுக்காகவும். திறப்பதற்கு முன் தொட்டியைக் கழுவி, எல்லாக் குழாய்களையும் நன்றாக ஓடவிடச் சொல்லுங்கள். கழிவறையில் சாக்கடை நாற்றம் வந்தால் தரைத் துவாரத்துக்கு அடியில் நிற்கும் நீர் வற்றியிருக்கக்கூடும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இதையெல்லாம் மேனேஜரிடம் வாயால் சொல்லாமல் மின்னஞ்சலில் எழுதுங்கள். "வர மாட்டேன்" என்பதை விட, "வருகிறேன், ஜன்னல் பக்கம் இருக்கை வேண்டும், ஜலதோஷம் உள்ள நாளில் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வேண்டும்" என்று கேட்டால் மறுப்பது கடினம். அம்மாவின் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி இணைத்துவிடுங்கள்.

பயணத்துக்குக் கேப் வேண்டாம் என்பேன். கண்ணாடி ஏற்றி ஏசி போட்ட காரில் நான்கு பேர் போவதைவிட, கூட்டம் இல்லாத நேரத்தில் திருமயிலையில் ஏறினால் பறக்கும் ரயிலில் காற்று வீசும். கேப்தான் கதி என்றால் ஜன்னலை இறக்கச் சொல்லுங்கள். முகத்தில் இடைவெளி விடாத என்95 முகக்கவசம் இரண்டிலும் வேண்டும். அதைக் கழற்றும் நேரம் மதியச் சாப்பாடு என்பதால், எல்லாரும் கேன்டீனில் கூடும் ஒரு மணிக்குப் போகாதீர்கள்.

வீட்டில் எல்லாரும் ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு எந்த ஊசி, எப்போது என்பதை அவருடைய சிறுநீரக மருத்துவர் சொல்லட்டும். உங்களுக்குத் தொண்டை கரகரத்தால் அன்று முதல் வீட்டுக்குள்ளும் முகக்கவசம், தனி அறை. அம்மாவுக்கு லேசாக உடம்பு சுட்டாலும் கஷாயம் கொடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். அவர் சாப்பிடும் மாத்திரைகள் காய்ச்சலைக் குறைத்துக் காட்டக்கூடும் என்பதால், அன்றே மருத்துவரைக் கூப்பிட்டுவிடுங்கள்.