பழைய ஜிமேட் புத்தகக் கட்டை வாங்கலாமா?

கேள்வி: எம்பிஏ சேர ஜிமேட் எழுதப்போகிறேன். 2021இல் எழுதிய ஒருவர் தன் புத்தகங்களை மொத்தமாகப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: மொத்தமாக வேண்டாம். பிரித்துத் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

2023 நவம்பரில் ஜிமேட் புதிய வடிவத்துக்கு மாறியது. பழைய தேர்வு 2024 ஜனவரியோடு நின்றுவிட்டது. கட்டுரைப் பகுதி, வாக்கியப் பிழை திருத்தும் சென்டன்ஸ் கரெக்‌ஷன், வடிவியல் கணக்குகள் எல்லாம் போய்விட்டன. அந்தக் கட்டில் இலக்கணத்துக்கென்றே ஒரு தடித்த புத்தகம் இருக்கும், பாருங்கள். அதைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். வீட்டில் இருந்தால் படிக்கத் தோன்றும்.

எண்கணிதம், இயற்கணிதம், வாதங்களை எடைபோடும் கிரிட்டிகல் ரீசனிங், பத்தியைப் படித்து விடையளிக்கும் ரீடிங் காம்ப்ரிஹென்ஷன் ஆகியவற்றுக்கான பழைய புத்தகங்கள் இன்றும் உதவும். கொடுத்த தகவல் விடை காணப் போதுமா என்று கேட்கும் டேட்டா சஃபிஷியன்சி இப்போது கணிதப் பகுதியில் இல்லை என்பதால் அது ஒழிந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அது டேட்டா இன்சைட்ஸ் என்ற பகுதிக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

புதிதாகக் காசு போட வேண்டிய இடமும் இந்த டேட்டா இன்சைட்ஸ்தான். அட்டவணை, வரைபடம், பல ஆவணங்களைச் சேர்த்துப் படித்து விடை காண்பது போன்றவை முன்பு தனி மதிப்பெண்ணாக ஓரத்தில் இருந்தன. அதனால் பழைய புத்தகங்கள் அவற்றைப் பேருக்குத் தொட்டுவிட்டுப் போயிருக்கும். இன்று கணிதம், வெர்பல் என்னும் மொழிப் பகுதி, டேட்டா இன்சைட்ஸ் ஆகிய மூன்று பகுதிகளுக்கும் சம எடை.

பழைய மாதிரித் தேர்வுகள் பயன்படாது. இப்போது 64 கேள்விகள், ஒவ்வொரு பகுதிக்கும் 45 நிமிடம், மதிப்பெண் 205 முதல் 805 வரை. பழைய 700ஐ இன்றைய 645 அளவில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: தேர்வை நடத்தும் ஜிமேக் அமைப்பின் அதிகாரபூர்வப் புத்தகத்தோடு ஆன்லைன் கேள்வி வங்கிக்கான குறியீடு ஒன்று வரும். முதலில் வாங்கியவர் அதைப் பயன்படுத்தியிருந்தால் உங்களுக்குக் கிடைப்பது காகிதம் மட்டும். விலை பேசும்போது இதையும் சொல்லுங்கள்.

கேள்வி: அதிகாரபூர்வக் கேள்விகள் மட்டும் போதுமா, பயிற்சி நிறுவனங்களின் புத்தகமும் வேண்டுமா?

பதில்: பாடத்தைப் புரிந்துகொள்ள மற்ற நிறுவனங்களின் புத்தகம் நல்லது. அதிகாரபூர்வப் புத்தகங்களில் கேள்விகள் தாராளமாக இருக்கும், அடிப்படையிலிருந்து கற்றுத்தரும் பகுதி குறைவு. கணக்குப் பயிற்சிக்கும் வெளியார் கேள்விகள் பரவாயில்லை.

வெர்பல் மட்டும் வேறு கதை. அங்கே தவறான விடைகளை நுணுக்கமாகச் செதுக்கியிருப்பார்கள். வெளியார் எழுதும் கிரிட்டிகல் ரீசனிங் கேள்விகளில் பல நேரம் இரண்டு விடைகளுக்கு வாதாடலாம். அதில் பழகினால் தேர்வறையில் குழப்பம்தான் மிஞ்சும். வெர்பலுக்கு அசல் கேள்விகளையே வாங்குங்கள்.

எதை வாங்கும் முன்பும் ஜிமேக் இலவசமாகத் தரும் இரண்டு முழு மாதிரித் தேர்வுகளில் ஒன்றை எழுதிவிடுங்கள். எந்தப் பகுதி பலவீனம் என்று தெரியாமல் வாங்கினால் அலமாரிதான் நிறையும். இரண்டாவதைக் கடைசி வாரங்களுக்கு வைத்திருங்கள். அப்புறம், ‘சமீபத்தில் தேர்வில் வந்த கேள்விகள்’ என்று யாராவது விற்றால் தொடாதீர்கள். பயன்படுத்தியது தெரிந்தால் மதிப்பெண்ணே ரத்தாகலாம்.

கேள்வி: ‘மதிப்பெண் உயராவிட்டால் பணம் வாபஸ்’ என்னும் ஆன்லைன் வகுப்பை நம்பலாமா?

பதில்: விளம்பரத்தை விடுங்கள், நிபந்தனைப் பக்கத்தைப் படியுங்கள். எல்லா வகுப்பையும் முடித்திருக்க வேண்டும், எல்லா வீட்டுப்பாடத்தையும் செய்திருக்க வேண்டும், குறிப்பிட்ட நாளுக்குள் தேர்வெழுதியிருக்க வேண்டும் என்று போட்டிருக்கலாம். சில இடங்களில் ‘வாபஸ்’ என்பது அதே வகுப்பை இன்னொரு முறை இலவசமாகப் பார்க்கலாம் என்பதுதான். எந்த மதிப்பெண்ணிலிருந்து உயர்வைக் கணக்கிடுவார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சந்தாக் காலம் பணம் கட்டிய நாளிலிருந்தா, முதல் பாடத்தைத் திறந்த நாளிலிருந்தா என்றும் பாருங்கள். தேர்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போது மூன்று மாதச் சந்தாவைத் தள்ளுபடியில் வாங்கினால், கடைசி மூன்று மாதத்துக்கு முழு விலை கொடுத்து நீட்டிக்க வேண்டியிருக்கும்.