புண் ஆறிவிட்டதே, எனக்கு எதற்கு ஊசி?

கேள்வி: என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். லோடு ஏற்றிக்கொண்டு போனால் வீடு திரும்ப இருபது நாள் ஆகும். போன மாதம் அவருக்குப் பிறப்புறுப்பில் ஒரு புண், வலியே இல்லை. மெடிக்கலில் ஆயின்மென்ட் வாங்கிப் போட்டார், ஆறிவிட்டது. ஆனால் எங்கள் ஊர் நர்ஸ், இரண்டு பேரும் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள், எச்.ஐ.வி.யும் பாருங்கள் என்கிறார். எனக்கு ஒன்றும் இல்லையே டாக்டர், நான் எதற்கு?
பெயர் வேண்டாம், நாமக்கல் மாவட்டம்

பதில்: நர்ஸ் சொன்னதுதான் சரி அம்மா. வலியில்லாத புண் என்றால் முதலில் சிபிலிஸ் என்ற, உடலுறவில் தொற்றும் நோயைத்தான் சந்தேகப்பட வேண்டும். மருந்தே போடாவிட்டாலும் அந்தப் புண் சில வாரங்களில் தானாக ஆறும். ஆயின்மென்ட்டுக்குப் பெயர் கிடைக்கும், கிருமி உடம்பிலேயே இருக்கும். பெண்களுக்குப் புண் உள்ளே இருந்தால் கண்ணுக்கும் தெரியாது. உங்களுக்கு ஒன்றும் இல்லையா என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

எச்.ஐ.வி. எதற்கு என்றால், புண் இருக்கும் இடத்தில் தோல் திறந்து கிடக்கிறது. எச்.ஐ.வி. கிருமி தொற்றும் நம் உடம்பின் அணுக்களும் அங்கேதான் வந்து கூடுகின்றன. தான்சானியாவின் முவான்சா பகுதிக் கிராமங்களில் 1990களின் தொடக்கத்தில், இப்படிப்பட்ட நோய்களுக்குச் சிகிச்சை தந்தால் எச்.ஐ.வி. குறையுமா என்று சோதித்தார்கள். லேப் வசதி கிடையாது. ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்களுக்குப் பயிற்சியும் மருந்தும் கொடுத்து, புண், வெள்ளைப்படுதல் என்று வருபவர்களுக்கு அறிகுறியைப் பார்த்து உடனே சிகிச்சை தரச் செய்தார்கள். இரண்டு வருடத்தில் அந்த ஊர்களில் புதிய எச்.ஐ.வி. தொற்று மற்ற ஊர்களைவிடச் சுமார் 40 சதவீதம் குறைவு. பின்னால் உகாண்டாவின் ராக்காயில் சில மாதங்களுக்கு ஒருமுறை வீடு வீடாக எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தபோது அப்படிக் குறையவில்லை. அங்கே எச்.ஐ.வி. ஏற்கெனவே நன்றாகப் பரவியிருந்தது ஒரு காரணம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒருவருக்கு மட்டும் ஊசி போட்டு அனுப்பிவிட்டேன். மனைவியை அழைத்து வாருங்கள் என்று சொல்லக் கூச்சம். இரண்டே மாதத்தில் அதே ஆள் அதே புண்ணோடு வந்து நின்றார். தப்பு என்னுடையது.

அரசு மருத்துவமனையில் இந்த நோய்களைப் பார்க்கும் சுகவாழ்வு மையம் எங்கே என்று கேளுங்கள், காசு கிடையாது. பென்சிலின் பால் மாதிரி கெட்டியான மருந்து, இரண்டு பக்க இடுப்பிலும் பாதி பாதியாகப் போடுவார்கள். வலிக்கும், ஒரு நாள் உட்காரக் கஷ்டம். முன்பு ஏதாவது ஊசி ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், இல்லை நாள் தள்ளிப் போயிருந்தால், முதலிலேயே சொல்லிவிடுங்கள். எச்.ஐ.வி. பரிசோதனை அங்கேயே நம்பிக்கை மையத்தில். இப்போது இல்லை என்று வந்தாலும் மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள், அதுவரை ஆணுறை. அவர் லோடுக்குக் கிளம்பிவிட்டாரா? சரி, காத்திருக்க வேண்டாம், நீங்கள் முதலில் போய் வாருங்கள்.