பத்திரம் பேசலாம்: விற்கிற கெடுவும் வாங்குகிற கெடுவும்

(ஓய்வுபெற்ற சார்பதிவாளர் ஒருவர் வாசகர்களின் வீடு, மனை சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: மேடம், மதுரை விளாங்குடியில் உள்ள எங்கள் வீட்டை 68 லட்சத்துக்கு விற்க மார்ச்சில் ஒப்பந்தம் போட்டுப் பதிவும் செய்தோம். அட்வான்ஸ் 5 லட்சம், கெடு ஜூன் 10. அந்தப் பணத்தையும் என் ஓய்வுக்காலப் பணத்தையும் நம்பி, மகள் குடியிருக்கும் சென்னை சேலையூரில் 74 லட்சத்துக்கு ஒரு ஃப்ளாட் பேசி 8 லட்சம் கொடுத்துவிட்டேன். அதற்குக் கெடு ஜூலை 5. இப்போது மதுரை பார்ட்டி, "பேங்க் லோன் வரவில்லை, ஆவணி வரை பொறுங்கள்" என்கிறார். வீடு என் அம்மா சொந்தமாக வாங்கியது. அவர் காலமான பிறகு பட்டாவை என் பெயருக்கு மாற்றிவிட்டேன். இருந்தும் பேங்க் வக்கீல் வாரிசுச் சான்று கேட்கிறாராம். புதுக்கோட்டையில் எனக்கு ஒரு அக்கா இருக்கிறார். சென்னைக்காரரோ, கெடு தாண்டினால் 8 லட்சத்தை மறந்துவிடுங்கள் என்கிறார். "வழக்குப் போட மூன்று வருடம் டைம் இருக்கு, பயப்படாதே" என்கிறார் நண்பர். மதுரை பார்ட்டியின் அட்வான்ஸை நான் பிடித்தம் செய்யலாமா?
- வாசகர், மதுரை

பதில்: முடியாது. கேட்கவே கேட்காதீர்கள். தாமதம் அவருடையது இல்லை, உங்களுடையது.

கடிதத்தின் நடுவில் சாதாரணமாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அக்கா இருக்கிறார் என்று, மொத்த விவகாரமும் அங்கேதான் இருக்கிறது. அம்மா உயில் எழுதியதாக நீங்கள் சொல்லவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அம்மாவின் சொந்தச் சொத்து உயில் இல்லாமல் போனால் மகனுக்கும் மகளுக்கும் சமமாகத்தான் இறங்கும். அப்பா இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. பட்டா உங்கள் பெயரில் மாறியதால் அக்காவின் பங்கு கரைந்துவிடாது. பட்டா வருவாய்த்துறையின் பதிவு, அவ்வளவுதான். நான் வேலையில் இருந்த காலத்தில் இதே நம்பிக்கையோடு பட்டாவை நீட்டியவர்களுக்குக் கணக்கே இல்லை. பாதிச் சொத்துக்கு உரியவரை விட்டுவிட்டு முழுச் சொத்துக்கும் ஒப்பந்தம் போட்டிருக்கிறீர்கள். பேங்க் வக்கீல் அதைப் பிடித்துவிட்டார். வாங்குபவருக்கு அவர் செய்தது பெரிய உபகாரம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. இந்த வாரமே இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பம் போடுங்கள், தாசில்தார் அலுவலகத்தில் விசாரணை நடக்கும். அடுத்து புதுக்கோட்டைக்குக் கிளம்புங்கள். போனில் பேசி முடிக்கிற விஷயம் இல்லை இது. அக்கா தன் பங்கை விட்டுத்தர மனம் இருந்தால் விடுதலைப் பத்திரம் போடலாம். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு உண்டு. ஆனால் அதற்கும் அவசியம் இல்லை. நீங்களும் அக்காவும் சேர்ந்து விற்பவர்களாகக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாலே போதும். அவர் பங்குக்குப் பணம் கேட்டால் அது நியாயமான கேள்விதான். அப்படியானால் சேலையூர் ஃப்ளாட்டுக்குக் கையில் எவ்வளவு மிஞ்சும் என்பதைப் புதுக்கோட்டையிலிருந்து திரும்பி வரும்போதே பஸ்ஸில் கணக்குப் போட்டுவிடுங்கள்.

கணக்கு என்றதும் இன்னும் இரண்டு. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் வாங்குபவர் 1 சதவீதத்தை வருமான வரிக்காகப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார். அதனால் 68 லட்சத்தில் 68,000 ரூபாய் உடனே கைக்கு வராது. சேலையூரில் இதே வேலையை நீங்கள் செய்ய வேண்டும். அப்புறம் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 74 லட்சத்துக்கு 6.66 லட்சம் ஆகிறது. அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு அதைவிடக் கூடுதலாக இருந்தால் அந்த மதிப்புக்குத்தான் கட்ட வேண்டும்.

மதுரை பார்ட்டியிடம் கால நீட்டிப்பை எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவது நம் ஊர் வழக்கம். மூல ஒப்பந்தமே பதிவானது என்பதால் நீட்டிப்பையும் அக்காவைச் சேர்த்துப் பதிவு செய்துவிடுவது உத்தமம். மதுரை பார்ட்டி ஆவணி என்று சொன்னதும் சரிதான். ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும், பலர் பத்திரம் போட மாட்டார்கள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் பதிவுத்துறை கூடுதல் டோக்கன் கொடுத்தும் கூட்டம் வாசலைத் தாண்டி நிற்கும். டோக்கனை முன்னாலேயே போட்டுவையுங்கள்.

இனி சென்னைக்காரர். உங்கள் நண்பர் சொன்ன மூன்று வருடம் வழக்குத் தாக்கல் செய்வதற்கான கெடு. அதுவரை சும்மா இருக்கலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. உங்கள் ஊர் வீடு சம்பந்தப்பட்ட ஒரு வழக்கிலேயே 1997-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 60,000 ரூபாய்க்கு விலை பேசி 5,000 அட்வான்ஸ், ஆறு மாதம் கெடு. வாங்குபவர் இரண்டரை வருடம் அசையாமல் இருந்துவிட்டு வழக்குக்கு வந்தார். நகரத்தில் வீட்டு விலை ஏறிக்கொண்டே போகிறது, பேசிய கெடுவுக்கு மரியாதை வேண்டும் என்று சொல்லி வீட்டை அவருக்குத் தர மறுத்துவிட்டார்கள். அசையாச் சொத்து ஒப்பந்தத்தில் பொதுவாக ஒரு நாள், இரண்டு நாள் தவறினால் எல்லாம் முறிந்துபோகாது என்பது உண்மை. ஆனால் 'காலமே இந்த ஒப்பந்தத்தின் சாரம்' என்ற வாசகம் அதில் இருக்கிறதா, 8 லட்சத்தை இழக்க நேரிடும் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அப்படி எழுதியிருந்தாலும் அது நியாயமான தொகைதானா என்று நீதிமன்றம் பார்க்கும்தான். அதற்குள் நீங்கள் எத்தனை வாய்தா பார்க்க வேண்டுமோ!

நான் உங்கள் இடத்தில் இருந்தால் வக்கீலிடம் போவதற்கு முன்பு சேலையூருக்குப் போவேன். கெடு முடிவதற்கு முன்பே போக வேண்டும், அதுதான் முக்கியம். அவருக்கு வர வேண்டிய மீதி 66 லட்சம். 9 சதவீத வட்டி என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 99,000 ரூபாய். "காத்திருப்பதற்கு ஒரு லட்சம் தருகிறேன், செப்டம்பர் 10 வரை எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எட்டைக் காப்பாற்ற ஒன்றைக் கொடுப்பதில் கெளரவக் குறைச்சல் எதுவும் இல்லை. பேசிவிட்டு வந்ததையெல்லாம் ஒரு கடிதமாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, வாட்ஸ்அப்பிலும் போட்டுவிடுங்கள். கொடுக்கிற எதையும் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். சொத்து பரிமாற்றத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரலாம்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். வாங்கும் ஒப்பந்தத்தில் வெறும் தேதியைப் போடாதீர்கள். 'எனது மதுரை வீட்டின் கிரயம் முடிந்த 30 நாளுக்குள், எப்படியும் இன்ன தேதிக்குள்' என்று எழுதுங்கள். பில்டர் ஒத்துக்கொள்ள மாட்டார். தனி ஆள் விற்கிறார் என்றால், அட்வான்ஸைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் பெரும்பாலும் சம்மதிப்பார்.

கேள்வி: விற்கப்போகும் வீட்டின் மீது கடன் பாக்கி இருக்கிறது. வாங்குபவரும் லோன் போடுகிறார். ஒரிஜினல் பத்திரம் எப்போது கைக்கு வரும்?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கடனை முழுதாக அடைத்த 30 நாளுக்குள் வங்கி ஆவணங்களைத் திருப்பித்தர வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் வங்கியில் பாக்கித்தொகைக் கடிதமும், அவர்களிடம் உள்ள ஆவணங்களின் பட்டியலும் வாங்கிக் கொடுத்தால், வாங்குபவரின் வங்கி நேராக உங்கள் வங்கிக்கே டிடி எடுத்துவிடும். எம்.ஓ.டி. (கடனுக்காகப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்ததைக் காட்டும் ரசீதுப் பத்திரம் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் கடன் அப்படியே நிற்கும். புது வீட்டுக் கெடுவைப் பேசும்போது இந்த 30 நாளையும் சேர்த்தே பேசுங்கள்.

கேள்வி: வாங்குபவர் கெடுவுக்குள் வரவே இல்லை. போனையும் எடுப்பதில்லை. வேறு ஆளுக்கு விற்கலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஒப்பந்தம் பதிவானது என்றால் அது வில்லங்கச் சான்றில் தெரியும். அடுத்து வருபவரின் வங்கி அதைப் பார்த்ததும் ஃபைலை மூடிவிடும். ரத்துப் பத்திரத்துக்கு இரண்டு பேரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, பதினைந்து நாள் கொடுங்கள். அட்வான்ஸில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறேன் என்று அதிலேயே சொன்னால், முக்கால்வாசிப் பேர் ரத்துக்கு வந்துவிடுவார்கள். முழுசாகப் பிடித்துக்கொள்வேன் என்று அடம்பிடித்தால் அவர் வரவே மாட்டார், வீடும் விற்காமல் நிற்கும்.

கேள்வி: புது வீட்டை முதலில் வாங்கிவிட்டு, பழையதைப் பிறகு விற்றால், விற்ற லாபத்துக்கான வரிச் சலுகை போய்விடுமா?
- வாசகர், திருச்சி

பதில்: போகாது. பழைய வீடு உங்கள் கையில் 24 மாதத்துக்கு மேல் இருந்திருந்தால், அதை விற்பதற்கு ஒரு வருடம் முன்பு வரை வாங்கிய புது வீட்டுக்கும் சலுகை உண்டு. விற்ற பிறகு என்றால் வாங்க இரண்டு வருடம், கட்ட மூன்று வருடம். கணக்குத் தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள் வாங்கி முடியவில்லை என்றால், லாபத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு என்று கேட்டுத் திறந்து அதில் போடுங்கள். சாதாரண ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டால் கணக்கில் வராது.

கேள்வி: கிரயம் முடிந்த பிறகும் இரண்டு மாதம் அதே வீட்டில் இருந்துகொள்ளச் சம்மதிக்கிறார் வாங்குபவர். வாய்ப்பேச்சு போதுமா?
- வாசகி, வேலூர்

பதில்: போதாது. அவர் மனைவியும் மாமனாரும் சம்மதித்தார்களா என்று உங்களுக்குத் தெரியாது. காலி செய்யும் தேதி, வாடகை உண்டா இல்லையா, கரண்ட் பில் யார் கட்டுவது என்று கிரயத்தன்றே தனியாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாடகை உண்டு என்றால் அது வாடகை ஒப்பந்தம் ஆகிவிடும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். விலையில் ஒரு லட்சத்தைச் சாவி கொடுக்கும் நாளில் தருவதாக அவர் நிறுத்திவைக்கக் கேட்டால் ஒத்துக்கொள்ளுங்கள், ஆனால் அன்றைய தேதியிட்ட செக்கை இப்போதே வாங்கிவிடுங்கள்.