நாவலோடு வெண்ணெயும் கடையலாம்

கேள்வி: லாரா இங்கால்ஸ் வைல்டர் எழுதிய 'லிட்டில் ஹவுஸ் இன் தி பிக் வுட்ஸ்' நாவலை விடுமுறையில் என் ஒன்பது வயது மகளோடு படிக்கப்போகிறேன். எழுத்துப் பயிற்சியும் கைவேலையும் எப்படிச் சேர்ப்பது?

பதில்: 1932இல் வெளிவந்த இந்த நாவல், 1870களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலக் காட்டில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் ஓராண்டைச் சொல்கிறது. பெரிய திருப்பமெல்லாம் கிடையாது. ஒவ்வொரு வேலையையும் எப்படிச் செய்தார்கள் என்பதே கதை. ஆகவே கைவேலைக்கு வேறெங்கும் தேட வேண்டாம். மொத்தம் 13 அத்தியாயங்கள், வாரத்துக்கு இரண்டு போதும்.

இரண்டாம் அத்தியாயத்தில் அம்மா வெண்ணெய் கடைகிறார். குளிர்காலத்தில் வெண்ணெய் வெளுத்துப்போகும் என்பதால் கேரட்டைத் துருவிப் பாலில் சூடாக்கி, துணியில் பிழிந்து சேர்க்கிறார். கேரட்டின் நிறம் கொழுப்பில் கரையும், அதனால்தான் அது வெண்ணெயில் ஒட்டுகிறது. நீங்கள் 35 சதவீதக் கொழுப்புள்ள க்ரீம் 200 மி.லி. வாங்குங்கள். 25 சதவீத க்ரீமில் வெண்ணெய் திரள்வது கஷ்டம். சின்னக் கேரட் ஒன்றும் நாலு ஸ்பூன் பாலும் போதும். பிழிந்த பால் நன்றாக ஆறிய பிறகே சேர்க்க வேண்டும். சூடாக ஊற்றினால் க்ரீம் திரளாது.

அரை லிட்டர் பாட்டிலில் ஊற்றி, மூடி குலுக்குங்கள். சற்று நேரத்தில் சத்தம் அடங்கிவிடும். முடிந்துவிட்டது என்று பிள்ளைகள் மூடியைத் திறப்பது இங்கேதான். அது நுரைத்த க்ரீம் மட்டுமே. தொடர்ந்து குலுக்கினால் மோர் பிரிந்து மறுபடி சளசளக்கும், மஞ்சள் மணிகள் தெரியும். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகலாம். வெயில் காலத்தில் பிரியாமல் பிசுபிசுத்தால் பாட்டிலைக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பிறகு மோரை வடித்து, தண்ணீர் தெளியும்வரை ஐஸ் தண்ணீரில் அலசி உப்புச் சேருங்கள். மோர் தங்கினால் சீக்கிரம் புளித்துவிடும்.

எழுத்து வேலை அன்றைக்கே நடக்கட்டும். புத்தகத்தைப் பார்க்காமல் செய்முறையை எழுதச் சொல்லுங்கள். "நன்றாகக் குலுக்க வேண்டும்" என்றுதான் முதலில் எழுதுவாள். அதை வைத்து எப்போது நிறுத்துவதென்று யாருக்குத் தெரியும்? இப்போது நாவலைத் திறந்து காட்டுங்கள்: கடைகோலைச் சுற்றித் தெறிக்கும் க்ரீம் முதலில் வழவழப்பாகவும் பிறகு மணி மணியாகவும் இருப்பதை ஆசிரியர் கவனித்து எழுதியிருக்கிறார். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் வைத்து அவளும் திருத்தி எழுதட்டும். இந்தப் பயிற்சி ஒன்றே பத்து வினாவிடைத் தாளுக்குச் சமம்.

நாலாம் அத்தியாயத்தில் வரும் சார்லட் என்ற துணிப்பொம்மையைத் தைக்கலாம். கண்ணுக்குக் கறுப்புப் பொத்தான், புருவத்துக்குப் பென்சில். முடிக்குக் கம்பளி நூலை நனைத்துப் பென்சிலில் சுற்றிக் காயவிட்டால் சுருளும். அக்ரிலிக் நூலில் சுருள் அவ்வளவாக நிற்காது. வாய்க்கு நாவலில் போக்பெர்ரிச் சாறு பூசுகிறார்கள். அது நச்சுப் பழம், சிவப்பு நூலால் தைத்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு காலக்கோடு. லாரா தன் சிறுவயது வாழ்க்கையை வைத்தே இந்த நாவல் வரிசையை எழுதினார்; ஆனாலும் நாவலை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. 1867இல் பிறந்த லாராவின் குடும்பம் 1869இல் கான்சாஸ் மாநிலத்துக்குப் போய் 1871இல் விஸ்கான்சின் திரும்பியது; நாவல்களிலோ காட்டு வீடு முதலில் வருகிறது, கான்சாஸ் பிறகு. ஒரு தாளில் வாழ்க்கையை ஒரு கோடாகவும் கதையை இன்னொரு கோடாகவும் வரையச் சொல்லுங்கள். அந்தக் கான்சாஸ் நிலம் ஓசேஜ் பழங்குடியினருடையது என்பதையும் அதில் குறிக்க வேண்டும். கான்சாஸ் வாழ்க்கையைச் சொல்லும், பழங்குடியினரைப் பற்றிக் கடுமையான சொற்கள் வரும் 'லிட்டில் ஹவுஸ் ஆன் தி ப்ரெய்ரி' (1935) நாவலை அவள் கையில் கொடுத்துவிடாமல், கூடவே உட்கார்ந்து படியுங்கள்.