ஆக்ஸ்ஃபோர்டைச் சுற்றிப் பார்க்கத் தனி வழிகாட்டி வேண்டுமா?

இங்கிலாந்தில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள், அங்கேயே குடியிருப்பவர்கள் என்று பலரும் ஆக்ஸ்ஃபோர்டு நகரத்தை வழிகாட்டியோடு நடந்து பார்ப்பது பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே.

கேள்வி: மகள் லண்டனில் இருக்கிறாள். நாங்கள் நால்வரும் ஒரு நாள் ஆக்ஸ்ஃபோர்டு போகிறோம். மருமகன், “போனில் மேப் இருக்கிறது, யூடியூபில் எல்லாமே இருக்கிறது, தனி வழிகாட்டி வைப்பது வீண் செலவு” என்கிறார். அவர் சொல்வது சரிதானா?

பதில்: கட்டடங்களை வெளியிலிருந்து பார்த்து நாலு போட்டோ எடுத்தால் போதும் என்றால் மருமகன் சொல்வது சரி. மேப்பை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடலாம், ஊர் அவ்வளவு சின்னது.

ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு ஒரே கேட்டுக்குள் இருக்கும் பல்கலைக்கழகம் இல்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகளும் ஹால்களுமாக ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கிறது, ஒவ்வொன்றும் உயர்ந்த சுவருக்குப் பின்னால், சின்னக் கதவு வைத்த பெரிய வாசலுக்குப் பின்னால். அது ஆரம்பித்த வருடம் இதுதான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. 1096-லேயே அங்கே பாடம் நடந்திருக்கிறது, 1167-ல் இரண்டாம் ஹென்றி ஆங்கில மாணவர்கள் பாரிஸில் படிக்கக் கூடாது என்று தடுத்த பிறகு வேகமாக வளர்ந்தது. இப்படிப்பட்ட ஊரில் முக்கியமான பல இடங்கள் பார்வைக்குச் சாதாரணமாகத்தான் இருக்கும். பிராட் தெருவில் பேலியல் கல்லூரிக்கு எதிரே சாலையில் கற்களால் பதித்த ஒரு சிலுவை இருக்கிறது. 1555-ல் லாட்டிமர், ரிட்லி என்ற இரண்டு ஆயர்களையும், அடுத்த வருடம் பேராயர் கிரான்மரையும் மதத்தின் பெயரால் உயிரோடு எரித்ததை நினைவுபடுத்துவது அது. அதன் மேலேயே நடந்து போகிறவர்கள்தான் அதிகம். ஹை தெருவில் யுனிவர்சிட்டி கல்லூரிச் சுவரில் ஒரு பலகை, ராபர்ட் பாயில் 1655 முதல் 1668 வரை அந்த இடத்தில் குடியிருந்தார் என்றும், அவருடைய உதவியாளர் ராபர்ட் ஹூக் மைக்ராஸ்கோப் செய்து உயிரணுவை முதலில் கண்டவர் என்றும் சொல்லும். பள்ளிக்கூடத்தில் பாயில் விதியை மனப்பாடம் செய்த நாம் அதைக் கவனிக்காமலே பஸ் ஸ்டாப் தேடிப் போய்விடுவோம். கார்ஃபாக்ஸ் சந்திப்பில், இப்போது பேங்க் இருக்கும் மூலையில், 1355-ல் ஒரு மதுக்கடையில் ஒயின் சரியில்லை என்று இரண்டு மாணவர்கள் கிளப்பிய சண்டை ஊருக்கும் பல்கலைக்கழகத்துக்குமான கலவரமாகி அறுபது பேருக்கு மேல் செத்துப் போனார்கள். அதற்காக ஊர்க்காரர்கள் வருடா வருடம் பல்கலைக்கழகத்துக்கு அபராதம் கட்டினார்கள், 1825 வரைக்கும்!

இதையெல்லாம் அந்தந்த இடத்தில் நிற்க வைத்து ஒருவர் சொல்லும்போதுதான் மனதில் பதியும். பொதுச் சுற்றில் சேர்ந்தாலும் சொல்வார்கள், ஆனால் பத்துப் பதினைந்து பேரோடு, அவர்கள் போடும் பாதையில், அவர்கள் வேகத்தில் போக வேண்டும். தனிச் சுற்றில் பாதையும் வேகமும் உங்களுடையவை. செலவு இரண்டு மணி நேரத்துக்கு 100 பவுண்டைத் தாண்டும், 200-ஐத் தொடுகிறவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலும் தலைக்கு வாங்காமல் குழுவுக்கு ஒரே தொகையாக வாங்குவார்கள், அதனால் நால்வர் என்றால் மருமகன் நினைக்கிற அளவுக்கு வித்தியாசம் வராது. முதல் தடவை போகிறீர்கள், கையில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து.

கேள்வி: நல்ல வழிகாட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? நடுவழியில் ஏமாந்துவிடக் கூடாதே.

பதில்: இங்கிலாந்தில் யார் வேண்டுமானாலும் தன்னை வழிகாட்டி என்று சொல்லிக்கொள்ளலாம், அதற்கு லைசென்ஸ் கிடையாது. ஆகவே பேட்ஜைப் பாருங்கள். பயிற்சி எடுத்துப் பரீட்சை எழுதித் தேறியவர்களிடம் கிரீன் பேட்ஜோ புளூ பேட்ஜோ இருக்கும். கிரீன் என்றால் அந்த ஊருக்கு, புளூ என்றால் அதைவிடப் பெரிய வட்டாரத்துக்கு. தெருவில் நின்று கூப்பிடும் ‘இலவசச் சுற்று’ ஆட்கள் எல்லாருமே மோசம் என்று சொல்ல மாட்டேன், நன்றாகப் பேசும் மாணவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். ஆனால் கடைசியில் டிப்ஸ் எதிர்பார்ப்பார்கள், கல்லூரிக்குள் கூட்டிப்போவார்களா என்பதும் நிச்சயமில்லை.

பதிவு செய்யும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: எந்தக் கல்லூரிக்குள் போகிறோம், நுழைவுக் கட்டணம் அவர் சொன்ன தொகையில் சேர்ந்ததா, அன்றைக்கு அந்தக் கல்லூரி மூடியிருந்தால் பதிலுக்கு என்ன. மூன்றாவதுதான் முக்கியம். கல்லூரிகள் மாணவர்கள் குடியிருந்து படிக்கும் இடங்கள், திடீரென்று ஒரு விழா, ஒரு கூட்டம் என்று வாசலில் ‘பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை’ பலகையை வைத்துவிடுவார்கள். வாசலில் இருக்கும் போர்ட்டர், அதாவது கல்லூரி வாயிற்காவலர், சொல்வதுதான் சட்டம், அவரிடம் வழிகாட்டியே வாதாட முடியாது.

அப்புறம், உங்களுக்கு எதில் ஆர்வம் என்று முன்கூட்டியே நாலு வரி எழுதி அனுப்புங்கள். தனி வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்துக்கு முழுப் பயன் வருவது இந்த நாலு வரியால்தான், பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதே இல்லை. வீட்டில் டாக்டரோ நர்ஸோ இருக்கிறார்களா? 1941 பிப்ரவரியில் ராட்கிளிஃப் மருத்துவமனையில் நோய்த்தொற்றில் சாகக் கிடந்த ஒரு போலீஸ்காரருக்கு முதன்முதலாகப் பெனிசிலின் சிகிச்சை கொடுத்தார்கள். அவர் தேறி வந்தார், ஆனால் மருந்து தீர்ந்துபோனது. அவருடைய சிறுநீரிலிருந்துகூடப் பெனிசிலினைப் பிரித்தெடுத்து மறுபடி கொடுத்துப் பார்த்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பழைய மருத்துவமனைக் கட்டடம் உட்ஸ்டாக் சாலையில் நிற்கிறது, பெனிசிலின் குழுவின் நினைவாக ஒரு ரோஜாத் தோட்டம் தாவரவியல் பூங்காவுக்கு முன்னால் இருக்கிறது. சட்டம் படிக்கும் பெண் இருக்கிறாளா? மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே சோமர்வில் கல்லூரி. 1889-ல் கொர்னீலியா சொராப்ஜி அங்கே வந்து சேர்ந்தார், ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்த முதல் பெண். 1892-ல் பரீட்சை எழுதிய அவருக்குப் பட்டம் கைக்கு வந்தது 1922-ல். பெண்களுக்குப் பட்டம் கொடுப்பது என்று பல்கலைக்கழகம் முடிவெடுத்ததே 1920-ல்தான். இந்திரா காந்தி படித்ததும் அதே சோமர்வில்லில்தான். நீங்கள் கேட்காவிட்டால் வழக்கமான இரண்டு மணி நேரச் சுற்று இந்தப் பக்கமே வராது.

கேள்வி: ஜி.யு. போப்பின் கல்லறை ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறதாமே? வழிகாட்டி அங்கே கூட்டிப்போவாரா?

பதில்: இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். போப் 1884-ல் ஆக்ஸ்ஃபோர்டில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் விரிவுரையாளரானார், பேலியல் கல்லூரியின் சாப்ளினாகவும் (கல்லூரித் தேவாலயப் பாதிரியார்) இருந்தார். திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886-ல், நாலடியார் 1893-ல், திருவாசகம் 1900-ல் வந்தன. திருவாசகத்துக்கு முன்னுரை எழுதி அவர் தேதி போட்டது தன் எண்பதாவது பிறந்த நாளில்.

அந்த முன்னுரையில் ஒரு சம்பவம் சொல்கிறார். பேலியலின் உள்முற்றத்தில் ஓர் இரவு, கல்லூரித் தலைவர் ஜோவெட்டோடு நடந்துகொண்டிருக்கிறார். இந்த வயதில் இவ்வளவு பெரிய வேலையை முடிக்க முடியுமா என்று போப் தயங்குகிறார். பெரிய வேலை ஒன்று கையில் இருப்பதே நீண்ட நாள் வாழ வழி, முடிக்கும்வரை நீங்கள் இருப்பீர்கள் என்கிறார் ஜோவெட். ஜோவெட் 1893-ல் போய்விட்டார். போப் புத்தகத்தை முடித்து, அதன் பிறகும் சில வருடம் இருந்து, 1908-ல் காலமானார். இருவரும் இருப்பது ஒரே இடுகாட்டில்தான்: ஜெரிக்கோ பகுதியில், வால்டன் தெருவில், செயின்ட் செபல்கர்ஸ்.

பிராட் தெருவிலிருந்து கால் மணி நேர நடை. வழக்கமான சுற்றில் இது கிடையாது, பல வழிகாட்டிகள் போப் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அதனால் முன்கூட்டியே சொல்லுங்கள், படித்துக்கொண்டு வருவார்கள், அவர்களுக்கும் அது புதிதாக இருக்கும். ஒரு விஷயம்: கல்லறையில் ‘தமிழ் மாணவன்’ என்று பொறித்திருப்பதாக நம்மில் பலர் படித்திருக்கிறோம். அங்கே அப்படி இல்லை. கல்லை வைத்தவர்கள் அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் என்றுதான் எழுதியிருக்கிறது. எனக்கு இதுவே போதும். இங்கிலாந்தின் ஓர் இடுகாட்டுக் கல்லில் ‘தமிழ் நண்பர்கள்’ என்று வெட்டி வைத்திருப்பதைவிடப் பெரிதாக என்ன வேண்டும்?

இதையே மையமாக வைத்துப் பாதை போடச் சொல்லலாம். பேலியலில் ஆரம்பித்து (வழக்கமாக ஒரு சிறு கட்டணத்தோடு உள்ளே விடுவார்கள்), தெருவின் கிழக்கு முனைக்குப் போய்ப் பழைய இந்தியன் இன்ஸ்டிட்யூட் கட்டடத்தை நிமிர்ந்து பாருங்கள், உச்சியில் காற்றுத் திசை காட்டுவது ஒரு யானை. அங்கிருந்து ராட்கிளிஃப் சதுக்கம், அதன் கிழக்கில் ஆல் சோல்ஸ் கல்லூரி. திருத்தணிப் பக்கம் பிறந்து ஜனாதிபதியான ராதாகிருஷ்ணன் 1936 முதல் 1952 வரை ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக இருந்தபோது இந்தக் கல்லூரியில்தான் ஃபெலோ, அதாவது கல்லூரியின் அறிஞர் குழுவில் ஓர் உறுப்பினர். கடைசியாக ஜெரிக்கோ. இரண்டு மணி நேரம் பற்றாது, மூன்றாகக் கேளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. இரண்டு மணி நேரம் நடப்பாரா?

பதில்: ஊர் சமதளம், ஏற்றம் இறக்கம் பெரிதாக இல்லை. ஆனால் ராட்கிளிஃப் சதுக்கம், மெர்ட்டன் தெரு மாதிரி சில இடங்களில் உருண்டைக் கல் பாவிய தரை, முழங்காலை அதுதான் படுத்தும். செயின்ட் மேரி சர்ச் கோபுரத்துக்கு 127 படி, குறுகலான சுழல் படிக்கட்டு, அம்மா கீழேயே சர்ச்சுக்குள் உட்காரட்டும், நீங்கள் ஏறிவிட்டு வாருங்கள். தனிச் சுற்று என்பதால் நடுவில் ஒரு காபி இடைவேளை வேண்டும் என்று முன்பே சொல்லிவிடலாம். டாய்லெட் எங்கே என்பதையும் கூச்சப்படாமல் ஆரம்பத்திலேயே கேளுங்கள்.

கேள்வி: பையனுக்கு ஹாரி பாட்டர் பைத்தியம். கிரைஸ்ட் சர்ச் கல்லூரிக்குள் வழிகாட்டி கூட்டிப்போவாரா?

பதில்: போகலாம், ஆனால் அதற்குத் தனி டிக்கெட், நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும், கூட்டமும் அதிகம். இரண்டு மணி நேரச் சுற்றில் பாதியை அதுவே சாப்பிட்டுவிடும். சுற்று முடிந்த பிறகு நீங்களாகப் போங்கள். படத்தில் வரும் சாப்பாட்டு ஹால் அங்கே எடுத்ததில்லை, அதைப் பார்த்து ஸ்டுடியோவில் போட்ட செட். ஹாலுக்கு ஏறும் படிக்கட்டில் நிஜமாகவே படம் எடுத்தார்கள். பாட்லியன் நூலகத்தின் டிவினிட்டி ஸ்கூலும் படத்தில் வரும், பையன் ஏமாற மாட்டான். கல்லில் செதுக்கிய 455 குமிழ்கள் கொண்ட அதன் கூரைக்காகப் பெரியவர்களும் அங்கே போக வேண்டும்.

பாட்லியன் பற்றி ஒன்று: டியூக் ஹம்ஃப்ரி என்ற பழைய வாசிப்பு அறைக்கு நூலகமே நடத்தும் சுற்றில்தான் போக முடியும், உங்கள் வழிகாட்டி கூட்டிப்போக முடியாது. அங்கே புத்தகத்தை வெளியே தருவதில்லை என்பதில் அவ்வளவு உறுதி, 1645-ல் அரசர் முதலாம் சார்லஸ் கேட்டபோதே மறுத்துவிட்டார்கள். அந்த டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு, வழிகாட்டியின் நேரத்தை அதற்கேற்ப வையுங்கள்.

கேள்வி: எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

பதில்: மே, ஜூன் மாதங்களில் பரீட்சை, சில கல்லூரிகள் மூடியிருக்கும். ஆனால் கருப்பு அங்கியில் பூச்செருகிய மாணவர்களைத் தெருவில் பார்க்கலாம், முதல் பரீட்சைக்கு வெள்ளை கார்னேஷன், நடுவில் இளஞ்சிவப்பு, கடைசிக்குச் சிவப்பு. எனக்குப் பிடித்தது செப்டம்பர் கடைசி, மாணவர்கள் வருவதற்கு முன். பல கல்லூரிகள் மதியத்துக்கு மேல்தான் பார்வையாளர்களை விடுகின்றன, ஆகவே காலை ஒன்பது மணிச் சுற்றைவிடப் பகல் ஒரு மணிக்கு ஆரம்பிப்பது லாபம். லண்டன் பாடிங்டனிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம்.

கேள்வி: டிப்ஸ் கொடுக்க வேண்டுமா?

பதில்: தனிச் சுற்றுக்குக் கட்டாயம் இல்லை. மனதுக்குப் பிடித்திருந்தால் கொடுங்கள்.

கேள்வி: சுற்று முடிந்ததும் மீதி நாளில் என்ன பார்க்கலாம்? இனிமேலும் செலவு வேண்டாம்.

பதில்: ஆஷ்மோலியன் மியூசியம் இலவசம். அது 1683-ல் ஆரம்பித்த பழைய கட்டடம் பிராட் தெருவில் இருக்கிறது, இப்போது அறிவியல் வரலாற்று மியூசியம், அதுவும் இலவசம். 1931-ல் ஐன்ஸ்டீன் ஆக்ஸ்ஃபோர்டில் சொற்பொழிவாற்றியபோது எழுதிய கரும்பலகையை அங்கே அழிக்காமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். இரவு தங்குகிறீர்கள் என்றால் ஒன்பது மணி வாக்கில் கிரைஸ்ட் சர்ச் வாசலுக்குப் போங்கள். தினமும் 9.05-க்கு டாம் கோபுர மணி 101 தடவை அடிக்கும், முன்பு கல்லூரியில் இருந்த மாணவர்களின் எண்ணிக்கை அது. ஐந்து நிமிடம் ஏன் தாமதம் என்றால், ஆக்ஸ்ஃபோர்டு கிரீன்விச்சுக்கு மேற்கே இருப்பதால் அதன் சொந்த நேரம் அவ்வளவு பின்தங்கியது, அந்தக் கணக்கில் அப்போதுதான் மணி ஒன்பது.