பெர்னார்டின் மறையுரைகளைத் தமிழாக்க யாரிடம் உரிமை வாங்குவது?

கேள்வி: 12ஆம் நூற்றாண்டுத் துறவி, கிளேர்வோ மடத்தின் தலைவர் புனித பெர்னார்டு, மணமகளும் மணமகனும் பாடும் விவிலிய நூலான உன்னதப்பாட்டைப் பற்றி ஆற்றிய மறையுரைகளை ஆங்கிலம் வழியாகத் தமிழில் பெயர்த்துவருகிறேன். லத்தீன் தெரியாது. ‘மொழிபெயர்ப்பு உரிமை' வாங்கித் தருவதாக ஒரு முகவர் பணம் கேட்கிறார். மேற்கோள்களை எந்தத் தமிழ் விவிலியத்திலிருந்து எடுப்பது? திரும்பத் திரும்ப வரும் பகுதிகளைச் சுருக்கலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: முதலில் முகவருக்கு ஒரு பைசாகூடக் கொடுக்காதீர்கள். பெர்னார்டு இறந்தது 1153இல். அவருடைய சொற்களுக்கு இன்று உரிமையாளர் யாரும் இல்லை. உரிமை இருந்தால் அது உங்கள் கையிலுள்ள ஆங்கில மொழிபெயர்ப்புக்குத்தான். இந்தியச் சட்டப்படி மொழிபெயர்ப்பாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை அது நீடிக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த சாமுவேல் ஈல்ஸின் ஆங்கிலத்தை வைத்துச் செய்தால் யாரையும் கேட்க வேண்டாம். 1970களில், பெர்னார்டு சார்ந்த சபையான சிஸ்டர்சியத் துறவியரின் நூல் வரிசையில் வந்த ஆங்கிலத்தை வைத்துச் செய்தால் அந்தப் பதிப்பகத்துக்கு நேராக எழுதிக் கேளுங்கள். இடையில் ஆள் தேவையில்லை. முகவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு, உரிமை யார் பெயரில்? இதற்கு எழுத்தில் பதில் தராதவரிடம் விற்பதற்கு எதுவும் இல்லை.

‘ஆயர் அனுமதி' வாங்கித் தருவதாகக் காசு கேட்பவர்களும் உண்டு. திருச்சபைச் சட்டம் 827 இத்தகைய நூல்களை ஆயரின் பார்வைக்கு அனுப்புவது நல்லது என்று பரிந்துரைக்கிறது, அவ்வளவுதான். ஆலயத்துக்குள் வைத்து விற்பதென்றால் மட்டும் அனுமதி வேண்டும். கையெழுத்துப் படியை நீங்களே ஆயர் இல்லத்தில் கொடுக்கலாம்.

லத்தீன் தெரியாததை விட ஆபத்தானவை, தெரிந்த மாதிரி தோன்றும் ஆங்கிலச் சொற்கள். ‘சாப்டர்' என்று வந்தால் அத்தியாயம் அல்ல. துறவிகள் தினமும் கூடும் மன்றம் அது, மடத்தலைவர் உரையாற்றும் இடம். ‘ஆஃபீஸ்' அலுவலகம் அல்ல, துறவிகள் வேளைதோறும் சொல்லும் செபமான திருப்புகழ்மாலை. ‘ஹாபிட்' துறவற உடை. ‘புரொஃபெஷன்' வார்த்தைப்பாடு. லத்தீனில் ‘கொன்வெர்சுஸ்' என்றால் பெரும்பாலும் மடத்தின் வயல்வேலை பார்க்கும் பொதுநிலைச் சகோதரர். அவரை ‘மதம் மாறியவர்' ஆக்கிவிடாதீர்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி, கணினியில் போட்டெடுத்து ‘மெருகேற்றி'த் தருகிறவர்களின் படியைத் திறந்தால் ‘அத்தியாயத்தில் சகோதரர்களிடம் பேசினார்' என்றுதான் இருக்கும். குருமடங்களில் லத்தீனைக் கைவிட்டோம், லத்தீன் தெரிந்தவர் நேரடியாகத் தமிழில் தருவதற்கும் வழி செய்யவில்லை. அந்த இடைவெளியில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

மேற்கோளுக்குப் பொது விதி எளிது: உங்கள் வாசகர் கையில் எந்த விவிலியம் இருக்கிறதோ அதன் வாசகத்தையே பயன்படுத்துங்கள். ஒரே நூலுக்கு உன்னதப்பாட்டு, இனிமைமிகு பாடல், உன்னத சங்கீதம் என்று மூன்று பெயர் வைத்திருக்கிறோம். ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதையே எழுதுங்கள். லத்தீன் விவிலியத்தின் எண் வரிசை வேறு என்பதால், திருப்பாடல் எண்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்று கூட்ட வேண்டும்: பெர்னார்டின் 22 நமக்கு 23.

ஆனால் ஓரிடத்தில் இந்த விதியைப் பிடித்துக்கொண்டால் மறையுரையே இடிந்துவிடும். நம் விவிலியங்களில் உன்னதப்பாட்டு முதல் அதிகாரத்தின் 2ஆம் வசனத்தில் ‘உமது நேசம்' அல்லது ‘உமது காதல்' திராட்சை இரசத்தைவிட இனிது என்றிருக்கிறது. பெர்னார்டு படித்த லத்தீன் விவிலியத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘ஊபெரா', பாலூட்டும் மார்பு. உயிர்க்குறி இல்லாமல் எழுதப்பட்ட எபிரேயச் சொல்லை இரண்டு விதமாகவும் வாசிக்கலாம் என்பதால் வந்த வேறுபாடு இது. 9ஆம் உரையில் மணமகனாகிய கிறிஸ்துவுக்கு இரண்டு மார்புகள் என்கிறார்: பாவிக்காகக் காத்திருக்கும் பொறுமை ஒன்று, திரும்பி வருபவனை ஏற்கும் கனிவு மற்றொன்று. 10ஆம் உரையில் மணமகளின் மார்புகள் வருகின்றன: பிறர் மகிழ்ச்சியில் மகிழ்வது, பிறர் துன்பத்தில் உருகுவது. மேலே ‘நேசம்' என்று போட்டுவிட்டுக் கீழே ‘இரண்டு மார்புகள்' என்றால், அவை எங்கிருந்து வந்தன என்று வாசகர் திகைப்பார்.

எனவே இந்த இரண்டு உரைகளிலும் வசனத்தை பெர்னார்டின் விவிலியப்படியே தாருங்கள், இன்றைய வாசகத்தை ஒரே ஓர் அடிக்குறிப்பில் சொல்லுங்கள். சொல் தேர்விலும் கவனம் தேவை. ‘கொங்கை' காதல் கவிதைக்குள் இழுத்துவிடும். ‘முலை' பழைய நல்ல சொல்தான், ஆனால் இன்று கூட்டத்தில் உரக்க வாசிப்பவர் தடுமாறுவார். வெறும் ‘மார்பு' என்றால் பால் போய்விடும். முதல் முறை ‘பால் சுரக்கும் மார்பு' என்று எழுதி, பிறகு ‘மார்பு' என்று தொடரலாம். இன்னொன்று: இந்த வசனத்தைப் பேசுவது மணமகளா, மணமகனா, தோழர்களா என்று பெர்னார்டு மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்க்கிறார். லத்தீன் அதற்கு இடம் தரும், தமிழ் தராது. மணமகள் பேசும்போது ‘உம்', அவளிடம் பேசும்போது ‘உன்' என்று ஒவ்வொரு பத்தியிலும் நீங்களே தீர்மானிக்க வேண்டும்.

இதே சிக்கல் ‘ஆன்மா'விலும் உண்டு. லத்தீனில் அது பெண்பால், அதனால்தான் இயல்பாக மணமகளாகிறது. தமிழில் ‘அது'. ‘ஆன்மாவாகிய மணமகள்' என்று தொடங்கி ‘அவள்' என்று கொண்டுபோங்கள். ஆண் அடியார் தலைவியாக நின்று பாடுவதை ஆழ்வார்களிடம் கேட்ட காது நமக்கு. வாசகர் மிரள மாட்டார்.

சுருக்க வேண்டாம். 18 ஆண்டுகளில் 86 உரைகள், அவ்வளவுக்கும் வந்து சேர்ந்தது மூன்றாம் அதிகாரத் தொடக்கம்வரைதான். அவர் போகும் வேகமே அது. நீள வாக்கியத்தை உடையுங்கள், பத்தியை வெட்டாதீர்கள். பத்தி எண்களையும் விட்டுவிடாதீர்கள், பிறர் ஒப்பிட அதுதான் வழி. விருந்தினர் வந்துவிட்டார்கள் என்று 3ஆம் உரையைப் பாதியில் நிறுத்துவதும், சிலர் கொட்டாவி விடுவதை 36ஆம் உரையில் கண்டிப்பதும் ‘தேவையில்லாதவை' என்று வெட்டப்படும் முதல் பகுதிகள். அந்த மன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களை நாம் பார்ப்பதே அங்கேதான்.

ஓசையையும் விடாதீர்கள். 15ஆம் உரையில் இயேசுவின் பெயரைப் பற்றி வரும் வரி: வாயில் ‘மெல்', காதில் ‘மெலோஸ்', இதயத்தில் களிப்பு. மெல் தேன், மெலோஸ் இசை. ‘நாவுக்குத் தேன், செவிக்குத் தேனிசை, நெஞ்சுக்குக் களிப்பு' என்றால் அந்த விளையாட்டு அப்படியே தமிழில் வந்துவிடுகிறது. இப்படிப்பட்ட இடங்களைக் கண்டுபிடிக்க லத்தீன் பாடத்தை அருகில் திறந்து வையுங்கள், பொருள் புரியாவிட்டாலும் கண்ணுக்கு ஒலி தெரியும். மிஞ் என்ற 19ஆம் நூற்றாண்டுப் பதிப்பாளர் தொகுத்த லத்தீன் வரிசையின் 183ஆம் தொகுதியில் இந்த உரைகள் இருக்கின்றன. பிழை குறைந்தது கையெழுத்துப் படிகளை ஒப்பிட்டுத் திருத்தி 1957 முதல் வந்த விமரிசனப் பதிப்பு, அதன் முதல் இரண்டு தொகுதிகள் போதும்.

முதல் நூலுக்கு 1, 3, 9, 10, 15 ஆகிய உரைகளையும், அண்ணனைக் கூப்பிட்டு அழும் தம்பியாக அவர் பேசும் 26ஆம் உரையையும் எடுங்கள். இந்த 26 ஜெரார்டு என்ற உடன்பிறந்தவரின் மறைவுக்கான புலம்பல், முன்னுரை இல்லாமலே எவருக்கும் புரியும். மாற்றுக் கொள்கையினரைச் சாடும் 65, 66ஐ நீண்ட முன்னுரை எழுதும் நேரம் வரும்வரை ஒத்திவையுங்கள்.