பிள்ளைக்கும் பெரியவர்களுக்கும் உழிச்சல்: வலித்தால்தான் பலனா?

திருச்சிப் பக்கத்திலிருந்து குமரி மாவட்டம் மார்த்தாண்டத்துக்குக் கட்டிக்கொடுத்த ஒரு பெண் கேட்டிருக்கிறார்: "மூன்று மாதக் குழந்தைக்கு மாமி (மாமியார்) தினமும் எண்ணெய் தேய்த்துக் கை கால் உருவுகிறார். பிள்ளை வீறிட்டு அழுகிறது. இதனால் உண்மையிலேயே பலன் உண்டா? என் கணவருக்கு முதுகு வலி. ஆசானிடம் உழிச்சலுக்கு, அதாவது எண்ணெய் தேய்த்து உடம்பைத் தடவிவிடுவதற்கு, போகச் சொல்கிறார்கள். போகலாமா?"

பலன் உண்டு. பிள்ளைக்கும் உண்டு, உங்கள் வீட்டுக்காரருக்கும் உண்டு. ஆனால் அழுத்திப் பிசைந்தால்தான், அழ வைத்தால்தான் குணம் தெரியும் என்பது எங்கள் ஊரில் ஊறிப்போன ஒரு நினைப்பு. அதைத்தான் விட வேண்டும்.

அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. குமரி மாவட்டம் 1956 வரை மலையாளக்கரையோடு கிடந்த இடம். ஆடி மாத உழிச்சலும் மருந்துக்கஞ்சியும் அந்த வழியில் வந்த பழக்கம். இன்னொரு பக்கம் வர்ம ஆசான்மார். உடம்பில் அடிபட்டால் ஆபத்தான இடங்கள், அதாவது வர்மம், 108; அதில் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, அந்த அளவு கடுமையில்லாத தொடுவர்மம் 96 என்பது அவர்கள் கணக்கு. அடிமுறை என்கிற சண்டைக்கலையைப் படிப்பிக்கிற ஆசானேதான் அடிபட்டவனைத் தடவித் தேற்றவும் செய்வார். பனையிலிருந்து விழுந்தவர், ரப்பர் பால் வெட்டித் தோள் இறுகிப் போனவர், வள்ளத்தில் வலை இழுத்து இடுப்பு பிடித்தவர் என்று போகிறவர்கள் எல்லாம் முறுக்கேறிய உடம்புக்காரர்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால் தடவினால்கூட அந்த உடம்பு தாங்கும். அதே முரட்டுக் கையை அஞ்சாறு கிலோ பிள்ளைமேல் காட்டினால் எப்படி?

என் பிள்ளைகளை என் மாமியார்தான் தேய்த்துக் குளிப்பாட்டினார். கால் இரண்டையும் நீட்டித் தரையில் உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே பிள்ளையைக் கிடத்துவார். அவர் காலத்தில் கமுகம்பாளையில் (பாக்குமரப் பாளை) கிடத்துவார்களாம். தேங்காய்ப்பாலை அடுப்பில் வைத்துக் காய்ச்சி இறக்கிய எண்ணெய், அதுவும் அவரே காய்ச்சியது. உள்ளங்கையில் ஊற்றி இரண்டு கையையும் உரசிச் சூடாக்கிய பிறகுதான் பிள்ளையைத் தொடுவார். முதலில் நெஞ்சு, அப்புறம் தோளிலிருந்து விரல் வரைக்கும் ஒரே இழுப்பு, அப்புறம் வயிறு. வயிற்றில் கடிகார முள் சுற்றுகிற பக்கமாகத்தான் கை போகும். பெருங்குடல் அந்த வழியில்தான் போகிறது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வாயு பிரிவதைக் காதால் கேட்டு அவரே கண்டுபிடித்த வழி அது. பிள்ளை முகத்தைச் சுளித்தால் கையை எடுத்து ஒரு நிமிஷம் பேச்சுக் கொடுப்பார், "என்ன மக்களே, போதுமா?" என்று. பிள்ளைக்குத் தேய்ப்பது என்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கேட்டால், அதிகம் பேசப்படுவது 1986-இல் அமெரிக்காவின் மயாமியில் குறைமாதக் குழந்தைகளை வைத்துச் செய்தது. நாளைக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 15 நிமிஷம், பத்து நாள் தடவிவிட்டார்கள். அதே அளவு பால் குடித்த மற்ற குழந்தைகளைவிட இந்தக் குழந்தைகளுக்குத் தினசரி எடை 47 சதவீதம் கூடுதலாக ஏறியது. கிட்டத்தட்ட ஆறு நாள் முன்னதாகவே வீட்டுக்கும் போனார்கள். பின்னால் அதே குழுவினர் இன்னொன்றும் பார்த்தார்கள்: பூப்போல மேலாகத் தொடுவதைவிட நடுத்தரமாக அழுத்தித் தடவினால்தான் எடை நன்றாக ஏறுகிறது. மேலாகத் தொட்டால் கூச்சம்தான் வரும். ஆக, சும்மா வருடினாலும் போதாது, பிழிந்தாலும் ஆகாது.

அது குறைமாதக் குழந்தைகளின் கதை. நிறைமாதத்தில் பிறந்து நன்றாகப் பால் குடிக்கிற உங்கள் பிள்ளைக்கு எடை அப்படியெல்லாம் கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரையும், ஆரோக்கியமான குழந்தைக்கு மென்மையாக உடம்பு முழுவதும் தடவிவிடலாம், வளர்ச்சிக்கு உதவக்கூடும் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறது. என் கண்ணுக்குத் தெரிந்த பலன் வேறு. தேய்த்துக் குளித்த பிள்ளை நன்றாகத் தூங்கும். தேய்க்கிற ஆளின் முகத்தையும் குரலையும் பிடித்துக்கொள்ளும். பேறு முடிந்து மனம் சோர்ந்து கிடக்கிற தாய்க்கும் இது நல்லது, பிள்ளையோடு ஒட்டுதல் கூடும். அதனால்தான் சொல்கிறேன், வேலையை மாமியிடமே முழுதாக விட்டுவிடாதீர்கள். "நிறுத்துங்க" என்று சொன்னால் சண்டைதான் வரும். "மாமி, இன்னைக்கு நான் தேய்க்கேன், நீங்க பக்கத்துல இருந்து சொல்லித் தாங்க" என்று சொல்லிப் பாருங்கள். கை உங்களுடையது, அழுத்தமும் உங்கள் வசம்.

அடியோடு நிறுத்த வேண்டியவையும் உண்டு. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக்கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். பிறந்த பிள்ளையின் மார்பு கொஞ்சம் வீங்கியிருக்கும், தாயின் ஹார்மோன் செய்கிற வேலை, தானே வற்றிவிடும். அதைப் பிதுக்கிப் பால் எடுக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. பிதுக்கினால் புண்ணாகிச் சீழ் பிடிக்கும். மூக்கைப் பிடித்து நீவுவதால் மூக்கு எடுப்பாக வராது. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும் வேண்டாம். பால் குடித்த உடனே தேய்க்காதீர்கள், கக்கிவிடும். காய்ச்சல் அடிக்கிற நாளிலும் விட்டுவிடுங்கள். தடுப்பூசி போட்ட தொடையைத் தொடவே வேண்டாம். தோலில் தடிப்போ சிவப்போ வந்தால் எண்ணெயை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிள்ளை வளர்ந்த பிறகு எல்லாரும் இதை மறந்துவிடுகிறார்கள். ஐந்தாறு வயதில் ஓடியாடி விளையாடிவிட்டு ராத்திரி "கால் வலிக்கு" என்று அழுகிற பிள்ளைக்கு இளஞ்சூட்டு எண்ணெய் தொட்டுக் கெண்டைக்காலைப் பத்து நிமிஷம் தடவினால் போதும், தூங்கிவிடும். இரண்டு காலிலும் வந்து, காலையில் இருந்த இடம் தெரியாமல் போகிற வலி என்றால் பயமில்லை. ஒரே காலில் வருகிறது, வீக்கம் இருக்கிறது, பகலிலும் நொண்டுகிறது என்றால் எண்ணெயை மூடி வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். அப்புறம், கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால் கேட்டுவிட்டுத் தொடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

சரி, உங்கள் வீட்டுக்காரர் விஷயம். முதுகு வலிக்கு உழிச்சல் கேட்கும், ஆனால் கொஞ்ச காலத்துக்கு. இறுகிய தசை இளகும், நன்றாகத் தூக்கம் வரும், வலி சில வாரம் அடங்கியிருக்கும். அந்த இடைவெளியில் நடக்கவும் முதுகுக்கான பயிற்சிகளைச் செய்யவும் தொடங்கவில்லை என்றால் வலி திரும்பி வரும், ஆசானுக்குத்தான் லாபம். "உடம்பிலுள்ள நச்சு எல்லாம் வெளியே போகும்" என்று சொல்லி ஏழு நாள், பதினான்கு நாள் என்று பேக்கேஜ் போடுகிறவர்களை நம்ப வேண்டாம். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளம் வாங்காமல் செய்கின்றன.

நல்ல ஆசானை எப்படி அடையாளம் காண்பது என்றால், கை வைப்பதற்கு முன்னால் நிறையக் கேட்பார். விழுந்தீர்களா, சுகர் உண்டா, காலில் மரப்பு இருக்கிறதா, ரத்தம் நீர்க்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று விசாரிப்பார். எலும்பு முறிவு என்று சந்தேகம் வந்தால் "முதல்ல எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க" என்பார். வலிக்கிறது என்று சொன்னால் கையைத் தளர்த்துவார். "பொறுத்துக்கோ, அப்பதான் கேக்கும்" என்று சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம், தப்பில்லை. படித்த மருத்துவர்கள் பார்த்தால்தான் நிம்மதி என்றால் நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மார்த்தாண்டத்திலிருந்து முஞ்சிறை சித்த மருத்துவக் கல்லூரியும் பக்கம்தான்.

முதுகு வலியோடு கால் மரத்துப்போவது, கால் பலமில்லாமல் மடங்குவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது இதில் ஏதாவது இருந்தால் உழிச்சலே கூடாது, நேராக மருத்துவமனைதான். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக, தொட்டால் நோகிறது என்றாலும் அப்படியே. அது ரத்தம் உறைந்த அடைப்பாக இருக்கலாம், தடவினால் அந்த ரத்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம்.

மாமிக்கும் மூட்டு வலி இருக்கும் என்றால் ராத்திரி அவருக்கும் கொஞ்சம் தேய்த்துவிடுங்கள், மெதுவாகத்தான், வயசான எலும்பு. தேய்த்து முடித்ததும் உள்ளங்காலில் இருக்கிற எண்ணெயைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். எங்கள் பக்கத்துக் குளியலறைகளில் எல்லாம் இப்போது வழுவழு டைல்ஸ்தான் போட்டிருக்கிறார்கள்.